கராஜ் பில்லைக் கிழிக்காதீர்கள்: மூன்று மாதம் வரை முறைப்பாடு செய்யச் சட்டம் இடம் தருகிறது

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை என்றதும் பலருக்கு அரிசி விலையும் பால்மாத் தட்டுப்பாடும் கடைச் சுற்றிவளைப்பும்தான் நினைவுக்கு வரும். அந்த அதிகாரசபையை உருவாக்கிய 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பொருள்களோடு சேவைகளையும் சேர்த்தே பேசுகிறது. காருக்கு ஒயில் மாற்றிய கராஜ், கீழ்ப்பக்கம் கழுவிய சேர்விஸ் ஸ்ரேசன், பிரேக் பாட் விற்ற உதிரிப்பாகக் கடை, பெற்றோல் அடித்த செற் என எல்லோருக்கும் அது பொருந்தும். யாழ்ப்பாணத்தில் வாகனம் வைத்திருப்பவர்கள் இதை மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கையில் எழுத்து இல்லை.

சட்டத்தில் வாகனக்காரருக்கு வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது 13 ஆம் பிரிவு. நியமத்துக்கு, அதாவது வகுக்கப்பட்ட தரத்துக்கு, ஒத்துவராத பொருள் அல்லது சேவை பற்றியும், கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறான பொருள் பற்றியும் அதிகாரசபைக்கு முறையிடலாம். அது எழுத்தில் இருக்க வேண்டும். பொருள் விற்ற அல்லது சேவை வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். விசாரணை செய்து முறைப்பாடு சரியென்று கண்டால், நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகாரசபை கட்டளையிடலாம். உத்தரவாதம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. விற்பனையின் தன்மையிலிருந்தே விளங்கிக்கொள்ளக்கூடிய உத்தரவாதமும் கணக்கில் வரும். "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருந்தாலும் 13 ஆம் பிரிவின்கீழ் முறையிடும் உரிமை அதனால் போய்விடாது.

இரண்டாவது, சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்வார், அந்த வேலைக்குப் பயன்படுத்தும் பொருள் நோக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்பது ஒவ்வொரு சேவை ஒப்பந்தத்திலும் உள்ளடங்கிய உத்தரவாதம். மூன்றாவது, பொருள் விற்றவர் நீங்கள் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆகவேண்டும். "கேட்டால்" என்பதைக் கவனியுங்கள். கேட்காதவருக்குக் கொடுக்காவிட்டால் அதைக் குற்றமாகக் காட்டுவது கடினம்.

நடைமுறையில், கெட்டுப்போன உதிரிப்பாகம் அல்லது தவறான ஒயில் பற்றிய முறைப்பாடு வலுவாக நிற்கும். பொருள் கையில் இருக்கிறது, காட்டலாம். "வேலை சரியில்லை" என்று மட்டும் சொல்லும் முறைப்பாடு அதைவிடப் பலவீனமானது. ஆகையால் எந்த வேலைக்குறையையும் ஒரு பொருளோடு, ஒரு அளவோடு, ஒரு படத்தோடு கட்டிவைக்கப் பழகுங்கள். கீழே சொல்லும் தொழில்நுட்ப விபரங்கள் அதற்காகத்தான்.

காரை விடும்போது

வேலை அட்டை எழுதாத கராஜில், ஒரு தாளில் நீங்களே எழுதி இருவரும் கையொப்பம் இடுங்கள். வாகன இலக்கம், திகதி, மீற்றரில் உள்ள கிலோமீற்றர், எரிபொருள் முள் நிற்கும் இடம், செய்யவேண்டிய வேலை, "மேலதிக வேலைக்கு முன் தொலைபேசியில் கேட்கவும்" என்ற ஒரு வரி. இவ்வளவும் போதும். காரின் நான்கு பக்கத்தையும் டாஷ்போர்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் "எல்லாத்தையும் ஒருக்கா பாருங்கோ தம்பி" என்று விட்டுவிட்டுப் போனால், பில்லில் வரும் எந்த வரியையும் பிறகு மறுக்க முடியாது.

மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அல்டர்னேற்றர் போன்றவற்றைப் பழையதைக் கொடுத்து மாற்றும் விலைக்கு வாங்கினால் தவிர, பழைய பாகம் உங்களுடையது. பழைய பில்ரர், பழைய பிளக், தேய்ந்த பிரேக் பாட் கையில் வந்தால் மாற்றியதற்கு அதுவே அத்தாட்சி.

எங்கே பிழைக்கிறது

முதலில் ஒயில். 660 சிசி வாகன்ஆர் போன்ற எஞ்சினுக்கு பில்ரரோடு சேர்த்து மூன்று லீற்றருக்கும் குறைவாகவே போகும். 1500 சிசி ஜப்பானிய எஞ்சின் பலவற்றுக்கு மூன்றரை முதல் நான்கு லீற்றர். பில்லில் நான்கு லீற்றர் கானுக்கு விலை போட்டிருந்தால் மிச்ச ஒயில் உங்கள் காருக்குள் வைக்கப்பட வேண்டும். கானை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். அதில் உள்ள தரக் குறியீட்டை, உதாரணமாக 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 என்பதை, காரின் கைநூலோடு ஒப்பிடுங்கள். பில்லிலும் "ஒயில்" என்று மட்டும் எழுதாமல் பெயர், தரம், லீற்றர் மூன்றையும் எழுதுவியுங்கள்.

ஒயில் கூடினாலும் கேடுதான். கிராங்க் தண்டு சுழலும்போது ஒயிலை அடித்து நுரையாக்கும், நுரை உராய்வைத் தடுக்காது. கார் சமதரையில் நிற்க, எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் போட்டு எடுங்கள். இரண்டு குறிக்கும் நடுவில், மேல்குறிக்குக் கிட்டவாக இருந்தால் சரி. கராஜை விட்டு வெளிக்கிட முதல் இதைச் செய்யுங்கள். வீட்டுக்கு வந்தபின் பார்த்தால் யார் ஊற்றியது என்ற வாதம் வரும்.

ஒயில் வடிப்புத் திருகாணிக்கு ஒவ்வொரு முறையும் புதிய வொஷர் வேண்டும். அந்த மென்மையான வளையம் ஒருமுறை நசிந்துதான் அடைக்கும். பழையதை வைத்துவிட்டுக் கசிவை நிறுத்துவதற்காக மேலும் மேலும் இறுக்கினால் அலுமினியச் சம்பின் (எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் தொட்டியின்) மரை உருவிப்போகும். பில்ரரில் வரும் பிழை இன்னொன்று: பழைய பில்ரரின் றப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்க, அதன் மேலேயே புதியதைப் பூட்டிவிடுவார்கள். இரண்டு வளையமும் சேர்ந்து வழுக்கி, ஓடும்போது ஒயில் முழுவதும் வெளியே போகும். ஒயில் மாற்றிய அன்று இரவு காருக்குக் கீழே ஒரு பழைய காட்போட்டை விரித்துவைத்தால் காலையில் கசிவு தெரியும். தெரிந்தால் படம் எடுங்கள், கார் ஓடவேண்டாம்.

யாழ்ப்பாணத்துக்கு உரிய கெடுதல் ஒன்று உண்டு: கிணற்றுத் தண்ணீர். எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல், தண்ணீர் கடினமானது. தீவுப்பகுதியிலும் கடற்கரை ஓரத்திலும் உப்பும் சேர்கிறது. அதை றேடியேற்றருக்குள் விட்டால் கேத்தலுக்குள் படிவது போலச் சுண்ணாம்பு படிந்து குழாய்கள் அடைபடும், உப்பு அலுமினியத்தை அரிக்கும். நாளடைவில் எஞ்சின் சூடேறி ஹெட் காஸ்கற் (எஞ்சின் தலைப்பகுதியை அடைக்கும் தகடு) போகலாம். கைநூல் சொல்லும் கூலன்ற்தான் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) விடவேண்டும்; கலந்து விடும் வகையென்றால் காய்ச்சி வடித்த தண்ணீரோடு மட்டும். கூலன்ற் என்று பில் போட்டுவிட்டுப் பைப் தண்ணீர் விட்டிருந்தால், நோக்கத்துக்குப் பொருந்தாத பொருள் என்று சட்டம் சொல்வதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. பார்க்க விரும்பினால் எஞ்சின் முற்றாக ஆறியபின் மட்டும் மூடியைத் திறவுங்கள். சூட்டில் திறந்தால் அழுத்தம் விலகிய கணமே கொதித்து முகத்தில் அடிக்கும்.

சீவீரீ கியர்பெட்டிக்கு (பட்டியில் ஓடும் ஓட்டோ கியர்பெட்டி) சாதாரண ஓட்டோ கியர் ஒயிலான ஏரீஎஃப் ஊற்றுவது அடுத்த பெரிய தவறு. பார்வைக்கு இரண்டும் ஒரேமாதிரித் தெரியும். சீவீரீ ஒயிலின் வேலை, உருக்குப் பட்டியும் அது ஓடும் கப்பியும் வழுக்காமல் ஒன்றையொன்று பிடிக்க விடுவது. தவறான ஒயிலில் பட்டி வழுக்கி, உலோகத் தூள் பெட்டி முழுவதும் பரவும். பெட்டியையே மாற்றவேண்டி வரலாம். இந்த வேலைக்கு, ஊற்றி முடித்த கானைப் படம் எடுத்துவைக்காமல் விடவே வேண்டாம்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 ஒயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸ், ஈரம் ஏறியபின் 155. மூடி திறந்து அலுமாரியில் கிடந்த போத்தலிலிருந்து ஊற்ற விடாதீர்கள். புதிய முத்திரையை உடைத்து ஊற்றட்டும். பிரேக் வேலை முடிந்ததும் கார் நகர முதல் மிதியைப் பலமுறை அழுத்திப் பாருங்கள். பஞ்சுபோல் இறங்கினால் பிரேக் குழாய்க்குள் காற்று அகப்பட்டு நிற்கிறது. அந்தக் காரை வீதிக்கு எடுக்கவே கூடாது.

சில்லு கழற்றிய எந்த வேலைக்குப் பிறகும் நட்டுகளை 50 முதல் 100 கிலோமீற்றரில் திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும். ரொயோட்டாச் சிறு கார்களில் அளவு 103 நியூட்டன் மீற்றர். ஏ9 வீதியால் வவுனியாப் பக்கம் போக இருப்பவர்கள் முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஹைபிரிட் வாகனத்தில் செம்மஞ்சள் நிற வயர்களை, உயர் மின்னழுத்தப் பயிற்சி இல்லாத எவரையும் தொட விடாதீர்கள்.

பெற்றோல் செற்றில்

மீற்றர் பூச்சியத்தில் நிற்பதை இறங்கி நின்று பாருங்கள். ஒரு லீற்றர் விலை, லீற்றர், மொத்த ரூபா ஆகிய மூன்றும் திரையில் தெரியும். பலகையில் உள்ள விலையோடு ஒப்பிட்டுப் பற்றுச்சீட்டு கேளுங்கள். பம்பின் அளவைச் சரிபார்த்து முத்திரை இடுவது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம். 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் அதற்குரியது. அளவு குறைவென்று சந்தேகித்தால் பம்ப் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்து, மாவட்டச் செயலகத்தில் உள்ள அந்தத் திணைக்களப் பரிசோதகரிடம் எழுத்தில் கொடுங்கள்.

ஒரு விடயத்தில் அவசரப்படக்கூடாது. கைநூலில் வாகன்ஆருக்கு 27 லீற்றர், அக்குவாவுக்கு 36 லீற்றர் என்று தாங்கிக் கொள்ளளவு இருக்கும். அதைவிட ஓரிரு லீற்றர் கூட அடித்தது மட்டும் மோசடிக்குச் சான்று ஆகாது. நிரப்பும் கழுத்துக் குழாயிலும் ஆவிக்காக விடப்பட்ட இடத்திலும் மேலதிகமாகப் பிடிக்கும். அந்த இடம் ஆவிக்கே வேண்டும். எரிபொருள் அடிக்கும் துப்பாக்கி (குழாயின் முனை) தானாக நின்றபின் ரூபாயை முழுமையாக்க மேலும் அடித்தால் பெற்றோல் ஆவி வடிகட்டிக்குள் போய் அதைப் பழுதாக்கும். எஞ்சினை நிறுத்துவது, சிகரெட் இல்லாமல் நிற்பது, பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தலில் பெற்றோல் வாங்காமல் இருப்பது பற்றி யாரும் சமரசம் செய்யவேண்டாம்.

பிழையான எரிபொருள் அடித்தால் சாவியை ஒருபடி கூடத் திருப்பாதீர்கள். சாவி திரும்பினாலே பல கார்களில் தாங்கிக்குள் இருக்கும் பம்ப் ஓடி எரிபொருளை முன்னுக்குத் தள்ளிவிடும். டீசல் துப்பாக்கி பெரும்பாலும் தடிப்பானது, பெற்றோல் கார்களின் கழுத்துக்குள் இலகுவில் போகாது. டீசல் வாகனத்துக்குப் பெற்றோல் அடிப்பதுதான் இலகுவாக நடக்கும், சேதமும் அதில்தான் கூட. டீசலே தனது உயரழுத்தப் பம்புக்கு மசகு. காரைத் தள்ளி ஓரம் நிறுத்தி, தாங்கியை வடிக்கச் செய்யுங்கள். நீங்கள் கேட்டது ஒன்று, அடித்தது வேறொன்று என்றால், வடிப்புக் கூலியைக் கோருவதற்குப் பற்றுச்சீட்டே துணை.

மாரியில், ஐப்பசி முதல் மார்கழி வரை, நிலத்தடித் தாங்கிக்குள் தண்ணீர் இறங்கும் ஆபத்து உண்டு. அடித்துச் சில கிலோமீற்றருக்குள் எஞ்சின் துள்ளி நின்றால் தாங்கியின் அடியிலிருந்து அரை லீற்றர் அளவு சுத்தமான கண்ணாடிப் போத்தலில் எடுக்கச் செய்யுங்கள். தண்ணீர் பாரம், அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். மெக்கானிக்கின் பெயர், திகதி, நேரத்தைப் போத்தலில் ஒட்டி, மூடி இறுக்கி, வெயிலும் நெருப்பும் படாத இடத்தில் வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

முறைப்பாடு

முதலில் கராஜுக்கோ கடைக்கோ ஒரு கடிதம். குறையையும் நீங்கள் கேட்பதையும் (திருத்தம், மாற்று, காசு) எழுதி, ஒரு வாரத் தவணை கொடுங்கள். பெரும்பாலான முதலாளிமார் இந்த இடத்திலேயே தீர்த்துவிடுவார்கள். வேறு கராஜில் திருத்திவிட்டுப் பிறகு முறையிடாதீர்கள். குறையின் சான்று அங்கேயே அழிந்துபோகும். பாதுகாப்புக்காக உடனே திருத்தத்தான் வேண்டுமென்றால், கழற்றும்போது படமும் இரண்டாவது மெக்கானிக்கின் எழுத்து மூலக் குறிப்பும் எடுத்து, கழற்றிய பாகத்தைப் பையில் கட்டிவையுங்கள்.

தீராவிட்டால் கண்டி வீதியில் உள்ள யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில், அதாவது கச்சேரியில், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் தகவல் சொல்லலாம். ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு நின்றுவிட்டால் 13 ஆம் பிரிவு கேட்கும் எழுத்து மூல முறைப்பாடு ஆகாது. தமிழிலேயே எழுதலாம். உங்கள் முகவரி, கராஜின் பெயரும் முகவரியும், வாகன இலக்கம், வேலை நடந்த திகதி, கொடுத்த தொகை, என்ன குறை, என்ன வேண்டும் என ஒரு பக்கத்தில் முடியுங்கள். பில், வேலைத்தாள், படங்கள், கொடுத்த கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்து, மூலங்களை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், தபாலில் அனுப்பினால் பதிவுத்தபாலில் அனுப்புங்கள்.

விசாரணைக்கு இரு பகுதியையும் அழைப்பார்கள். பழைய பாகம், ஒயில் கான், போத்தல் எது இருந்தாலும் அதைப் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள். பெற்றோல் போத்தலைக் கையில் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குள் போகவேண்டாம். கட்டளையிட்ட தொகையை வியாபாரி கொடுக்காவிட்டால், நீதவான் நீதிமன்றம் மூலம் தண்டப்பணம் போல அறவிட வழி உண்டு. பொருளைக் காட்ட முடியாத, முற்றிலும் வேலைக்குறை பற்றிய பணப் பிணக்காக இருந்தால் உங்கள் பிரதேச மத்தியஸ்த சபைக்கும் போகலாம். அங்கே கட்டணம் இல்லை. மத்தியஸ்த சபைக்குப் போயிருப்பதால் மூன்று மாதக் கணக்கு நின்றுவிடும் என்று எண்ணவேண்டாம். உதிரிப்பாகமும் சம்பந்தப்பட்டிருந்தால் அதிகாரசபைக் கடிதத்தை முதலில் கொடுத்துவிடுங்கள்.