பெயர்மூலர்: ஒரு சொல் விளக்கம்

மலை, தீவு போன்ற இயற்கை இடங்களுக்கு எழுத்தாளர் ஒருவரின் பெயரை வைத்தால் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே கேள்வி. ஓர் இடத்துக்கு எவருடைய பெயரை வைக்கிறோமோ அவரை ஆங்கிலத்தில் 'எப்பொனிம்' என்பார்கள். கிரேக்கத்தில் 'எபி' என்றால் மேல், 'ஒனிமா' என்றால் பெயர். பழைய ஏதென்ஸில் ஆண்டுதோறும் பதவியேற்ற ஆர்க்கோன் (ஆட்சித் தலைவர்) ஒருவரின் பெயராலேயே அந்த ஆண்டைக் குறித்தார்கள். அவருக்கு 'எப்பொனிமொஸ்' என்று அடைமொழி.

தமிழில் இதை 'ஆகுபெயர்' என்று எழுதத் தோன்றும். அது பொருந்தாது. 'திருவள்ளுவரைப் படித்தேன்' என்னும்போது எழுதியவர் பெயர் அவருடைய நூலுக்கு ஆகிவருகிறது. மலையையோ தீவையோ எந்த எழுத்தாளரும் ஆக்கியதில்லையே! அதனால் ஆளைப் 'பெயர்மூலர்' என்றும், அவர் பெயர் தாங்கும் இடத்தை 'ஆட்பெயர் இடம்' என்றும் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

எங்கள் திருகோணமலையில் இயற்கை இடங்களுக்குக் காரணப்பெயர்தான் அதிகம். மாடப்புறாக்கள் அடைவதால் நிலாவெளிக்கு எதிரே உள்ளது புறாத்தீவு. கோணேசர் கோயிலடியில் பாறை பிளந்து செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும் இடம் இராவணன் வெட்டு. எட்டிப் பார்த்தால் வெகு கீழே அலை மோதி நுரைப்பது தெரியும். அவன் வாளால் வெட்டியது என்பது ஐதீகம். ஆள்பெயர்தான், ஆனால் காரணமும் கூடவே வருகிறது.

எழுத்தாளர் என்று பார்த்தால் மூதூர்ப் புளியமரம் நினைவுக்கு வரும். 1660இல் கொட்டியாரக் குடாவில் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டவர் ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ். அந்த மரத்தடியில்தான் பிடிபட்டார் என்பார்கள். 1679இல் தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். அங்கே நாட்டிய கல்லிலோ 'வெள்ளைக்காரன் மரம்' என்றே ஆங்கிலத்தில் பொறித்தார்கள். இதை 'நொக்ஸ் மரம்' என்று மட்டும் எழுதினால் இன்னொரு சிக்கல் உண்டு. கப்பல் தலைவரான தந்தைக்கும் அதே பெயர். அவரும் பிடிபட்டு, 1661இல் சிறையிருப்பிலேயே இறந்தார். நூல் எழுதியவர் மகன். ஆகவே பெயர்மூலர் யார் என்பதை ஒரு சொல்லாவது சேர்த்துக் காட்ட வேண்டும்.

எந்தத் தொடர்பும் இல்லாமல் மரியாதைக்காக மட்டும் வைப்பதும் உண்டு. புதன் கோளின் பள்ளங்களுக்கு வான்மீகி, காளிதாசர் பெயர்கள் இருக்கின்றன. அப்படியானவற்றுக்கு 'நினைவுப்பெயர்' என்ற பழகிய சொல்லே போதும்.