வரிப் பாக்கி புரோநோட்டு இல்லை

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வருமான வரி ரீஃபண்டை நம்பி மகளின் காலேஜ் ஃபீஸுக்குத் தேதி சொல்லிவிட்டு, வரிக் கணக்கு பார்க்கும் என்னிடம் வந்து உட்கார்ந்தார். "சார், 42,000 வரணும். ஒரு ரூபாய்கூட ஏறலை."

வருமான வரி போர்ட்டலைத் திறந்தால் 2012-13 மதிப்பீட்டு ஆண்டுக்கு (வருமானம் வந்த வருடத்துக்கு அடுத்த வருடம்) 18,600 ரூபாய் டிமாண்டு, கட்டச் சொன்ன வரிப் பாக்கி, நிற்கிறது. மாதம் ஒரு சதவீத வட்டி, அதாவது 186 ரூபாய். 12 வருடத்துக்கு வட்டி மட்டும் 26,784. ரீஃபண்ட் முழுவதையும் 1961 வருமான வரிச் சட்டத்தின் 245ஆம் பிரிவின்படி அதற்கு வரவு வைத்துக்கொண்டார்கள். இன்னும் 3,384 பாக்கி.

"அது பழைய நோட்டீஸ் சார். மூணு வருஷம் ஆயிட்டா செல்லாதுன்னு லீ பஜார்ல சொன்னாங்களே?"

சொன்னவர் யாரென்று தெரிந்தால் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவேன். மூன்று வருடக் கெடு கடனுக்கு எழுதிக் கொடுக்கும் புரோநோட்டுக்கு. வரிப் பாக்கி புரோநோட்டு இல்லை. பழைய கணக்கைத் திரும்பப் பிரிப்பதற்குத் துறைக்குக் காலக்கெடு உண்டு, சரி. ஏற்கெனவே போட்ட டிமாண்டை வசூலிக்கக் கிடையாது. அதற்குக் கெடு வைத்திருந்த 231ஆம் பிரிவை 1989 ஏப்ரலிலேயே எடுத்துவிட்டார்கள். 2024 இடைக்கால பட்ஜெட்டில் தள்ளுபடி வந்ததே என்பார்கள். வந்தது. 2010-11 மதிப்பீட்டு ஆண்டு வரையிலான டிமாண்டுகளில் 25,000 வரை, 2011-12 முதல் 2015-16 வரை 10,000 வரை. இவருடையது அதைத் தாண்டிவிட்டது.

மத்திய அரசு ரொக்கக் கணக்கு எழுதுகிறது. கட்டாத வரி வருமானத்தில் சேராது. ஆனால் மறந்தும் போகாது. பட்ஜெட்டோடு வரும் வரவுப் புத்தகத்தில் 'விதித்தும் வசூலாகாத வரி' என்று தனி அட்டவணை இருக்கிறது. வழக்கில் உள்ளது, வழக்கில் இல்லாதது என்று பிரித்து, வயதுவாரியாகப் போடுவார்கள். பத்து வருடத்துக்கு மேற்பட்டதற்கும் அதில் கட்டம் உண்டு. இதில் பெரும்பகுதி வசூலிக்கக் கடினமானது என்று அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்தப் பெரும்பகுதியில் நாமும் ஒருவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ரீஃபண்ட் வருகிற ஆளிடம் வசூலிப்பதைப் போலச் சுலபமான வேலை துறைக்கு வேறு இல்லை.

மறுநாள் மஞ்சப்பையில் பழைய சலான்களைக் கொண்டுவந்தார். 2012 மார்ச்சில் 16,000 ரூபாய் முன்வரி (வருமானம் வரும் வருடத்திலேயே கட்டுவது), வங்கி முத்திரையோடு. மதிப்பீட்டு ஆண்டுக் கட்டத்தில் 2012-13க்குப் பதில் 2011-12 என்று எழுதியிருந்தது. ஒரே ஒரு வருடம் தப்பு! பணம் போய்ச் சேர்ந்த அன்றே அரசுக்கு அது வருமானம். அவர் பெயரிலோ பாக்கி. நோட்டீஸ் வந்த 2013இலேயே காட்டியிருந்தால் அதிகாரிக்கு ஒரு திருத்த மனு, அவ்வளவுதான். இப்போதும் மனு போட்டிருக்கிறோம். ஆனால் ஃபீஸ் கட்டும் தேதி அதற்காகக் காத்திருக்காது.

போர்ட்டலில் உள்ளே போய் நிலுவை டிமாண்டு பக்கத்தை இன்றே பாருங்கள். பாக்கி சரி என்றால் கட்டுங்கள், தப்பு என்றால் 'ஏற்கவில்லை' என்று காரணத்தோடு பதில் போடுங்கள். ரீஃபண்டைப் பாக்கிக்கு எடுக்கப் போகிறோம் என்று நோட்டீஸ் வந்தால் அதில் உள்ள கெடுவுக்குள் பதில் போக வேண்டும். மெயில் ஐடி உங்களுடையதாக இருக்கட்டும். எப்போதோ விட்டுப்போன குமாஸ்தாவின் ஐடிக்கு நோட்டீஸ் போய்க்கொண்டிருக்கிற பட்டறைகள் எனக்கே பல தெரியும். சலானைத் தூக்கிப் போடாதீர்கள். கவரைப் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிற வேலை மட்டும் வேண்டாம், தயவுசெய்து.