உறிஞ்சவில்லை, பற்றுகிறது

"கழிவுநீரிலுள்ள மாசுகளை நானோ துகள்கள் உறிஞ்சிவிடும்." அறிவியல் செய்தி என்றாலே இந்த வரிதான். படித்துப் படித்துப் பொறுமை போய்விட்டது. பஞ்சு தண்ணீரை உறிஞ்சும். நீர் அதன் உள்ளே போய்விடும். ஆர்செனிக் என்ற நஞ்சோ சாயமோ இரும்பு ஆக்சைடு நானோ துகளின் மேற்பரப்பில்தான் ஒட்டி நிற்கிறது.

இந்த நிகழ்வின் பெயர் 'அட்சார்ப்ஷன்'. ஜெர்மானிய இயற்பியலர் ஹைன்ரிக் கைசர் 1881இல் அறிமுகப்படுத்திய சொல். 'அட்' என்றால் இலத்தீனில் 'நோக்கி'. 'சோர்பேரே' என்றால் உறிஞ்சுதல். உள்ளிழுக்கும் 'அப்சார்ப்ஷன்' வேறு, இது வேறு என்று காட்டவே பிறந்த சொல்லை, அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை வைத்து மொழிபெயர்ப்பாளர்கள் மறுபடி ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

இங்கே பரப்புதான் எல்லாம். 1 செ.மீ. கனசதுரத்துக்கு மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 1 நானோமீட்டர் (ஒரு செ.மீ.யில் கோடியில் ஒரு பங்கு) கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தம் 6,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர்! நானோ துகளைத் தேடிப் போவதே இதற்காகத்தான்.

தமிழ்நாட்டுப் பாடநூலின் 'பரப்புக் கவர்தல்' இதைப் புரிந்துகொண்ட சொல். ஆனால் கவர்தல் இழுப்பதைச் சொல்கிறது, ஒட்டி நிற்பதைச் சொல்லவில்லை. 'கவர்ச்சி' என்று திரிந்தாலோ பொருளே மாறிவிடுகிறது. இலங்கையில் 'புறத்துறிஞ்சல்', 'அகத்துறிஞ்சல்' என்பார்கள். இணையாக நிற்கும்போது அழகுதான். ஆனாலும் வெளியே நிற்பதை உறிஞ்சல் என்பது எனக்கு ஒப்பவில்லை; அவசரக்காரர் 'புறத்து' என்பதை விட்டுவிட்டால் பழைய குழப்பமே திரும்பும். 'படிதல்' என்று எழுதுவோரும் உண்டு. அதே சுத்திகரிப்பு நிலையத்துத் தொட்டியில் வண்டல் படிகிறதே, அதை என்னவென்று சொல்வது?

'பரப்புப் பற்று' என்பேன். நெற்றியில் சுக்குப் பற்றுப் போடுகிறோம். அது தோலின் மேலேயே நிற்கிறது. சோறு ஒட்டிய பற்றுப் பாத்திரம்தான் பேச்சில் பத்துப் பாத்திரம் ஆனது. பற்றும் துகளைப் 'பற்றி' என்றும், விடுபடுவதைப் 'பற்று விடுதல்' என்றும் சொல்லலாம்.

அந்த விடுபடுதல் முக்கியம். ஆர்செனிக்கைப் பற்றியிருக்கும் துகளைக் காரக் கரைசலில் கழுவினால் பற்று விடும், துகளை மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் நஞ்சு அந்தக் கழுவுநீரில் இருக்கிறது. அதை எங்கே கொட்டுவது என்ற கேள்வியை, 'உறிஞ்சிவிட்டது' என்று படித்தவர் கேட்கவே மாட்டார்.