இருமடங்கு நீளம், எட்டு மடங்கு கொடுவா

"கனச் சார்பை (x³ வரும் சார்பை) வரைகிறோம், தீர்க்கிறோம், பரீட்சையும் எழுதுகிறோம். வெளியில் அது எங்கே இருக்கிறது?" என்று கல்லடியில் உயர்தரம் படிக்கும் ஒரு தங்கை கேட்டிருந்தார். பக்கத்து வாவியில் நீந்துகிறது, தங்கச்சி.

மீன் வளரும்போது அகலமும் தடிப்பும் கூடவே வளரும். உருவம் மாறாமல் நீளம் இருமடங்கானால் நிறை 2×2×2, அதாவது எட்டு மடங்கு. சந்தையில் பெரிய கொடுவாவின் விலை கேட்டுத் திகைப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

கணக்கு எளிதாக இருக்க, நீளத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதன் கனத்தை (நீளம்×நீளம்×நீளம்) 0.01ஆல் பெருக்கினால் நிறை கிராமில் வரும் என்று வைப்போம். 10, 20, 30, 40 சென்ரிமீற்றர் மீன்கள் 10, 80, 270, 640 கிராம். இனிச் சூத்திரத்தை மறந்துவிடுங்கள், நிறைகளை மட்டும் பாருங்கள். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம் 70, 190, 370. அவற்றின் வித்தியாசம் 120, 180. இன்னொரு தடவை கழித்தால் 60. கனச் சார்பில் இந்த மூன்றாம் வித்தியாசம் எவ்வளவு தூரம் போனாலும் மாறாது. சரி, இப்போது வந்த வழியே திரும்புவோம். 60உடன் 180ஐக் கூட்டினால் 240. அதனுடன் 370, 610. அதனுடன் 640, 1250. ஐம்பது சென்ரிமீற்றர் மீனின் நிறை 1250 கிராம்! பெருக்கலே இல்லை, வெறும் கூட்டல். ஆங்கிலக் கணிதர் சார்ள்ஸ் பாபேஜ் 1820களில் தொடங்கிய வித்தியாசப் பொறி என்ற கணிப்பு இயந்திரம் இந்த வேலையைத்தான் பற்சக்கரங்களிடம் கொடுக்கப் பார்த்தது. எத்தனை தரம் செய்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

உண்மைத் தராசில் இது குழம்பும். ஒரே ஒரு நிறையை 5 கிராம் கூட்டி எழுதிவிட்டால், அந்தப் பிழை மூன்றாம் வித்தியாசங்களில் 5, −15, 15, −5 என்று விரியும். அதனால் நிறைய மீன்களை அளந்து, பிழைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறையும்படி வளைகோட்டைப் பொருத்துகிறார்கள். 1805இல் பிரெஞ்சுக் கணிதர் லெஜாண்டர் வெளியிட்ட முறை அது. அப்படிப் பொருத்தினால் நீளத்தின் அடுக்கு அச்சொட்டாக 3 வராது. பெரும்பாலான மீன்களில் 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்கும். பட்டினி கிடந்த மீன் வளைகோட்டுக்குக் கீழே விழும்.

நிலவு காலத்து நண்டில் சதையிருக்காது என்பார்களே, அதையும் இப்படியே சோதிக்கலாம். அடிமட்டம், தராசு, சில மாதப் பொறுமை போதும். இதற்கும் ஆய்வு நிதி வரட்டும் என்று காத்திருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒன்று மட்டும்: அளந்த எல்லைக்கு வெளியே வளைகோட்டை நீட்டாதீர்கள். நம் சூத்திரப்படி இரண்டு மீற்றர் கொடுவா 80 கிலோ இருக்கவேண்டும். பதிவானவற்றில் பெரியதே 60 கிலோ அளவுதான்.