காகிதக் கூழ் பலகைபோல் இறுகுவது எப்படி?

பழைய செய்தித்தாள்களை இரவு முழுவதும் ஊறவைத்து, மிக்ஸியில் அரைத்து, ஒரு தட்டின் மேல் பரப்பி உலர்த்தி, அதன்மீது மயில் வரைந்து கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார் ஒரு வாசகி. பசை எதுவும் சேர்க்காதபோதும் அந்தக் கூழ் பலகைபோல் இறுகியது ஏன் என்பது அவருடைய கேள்வி.

காகிதம் என்பது தாவர இழைகளின் பின்னல். இழையின் முதன்மைப் பொருள் 1838ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பாயென் கண்டறிந்த செல்லுலோஸ். குளுக்கோஸ் அலகுகள் கோத்த அந்த நீண்ட சங்கிலியின் இருபுறமும் ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் இணைந்தவை) நிற்கின்றன. அருகருகே வரும் இரண்டு தொகுதிகளுக்கு இடையே ஹைட்ரஜன் பிணைப்பு உருவாகும் என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்போம். தனியாகப் பார்த்தால் அது வலுவற்ற பிணைப்புதான். எண்ணற்ற பிணைப்புகள் சேரும்போது காகிதத்துக்கு உறுதி கிடைக்கிறது.

ஆனால் இந்தப் பிணைப்பு உருவாக இரு மூலக்கூறுகளும் ஏறக்குறைய 0.3 நானோமீட்டர் அளவுக்கு நெருங்க வேண்டும். இழையின் தடிமனோ அதைப்போல் பல்லாயிரம் மடங்கு. அதன் மேற்பரப்பும் மேடுபள்ளம் நிறைந்தது. அப்படிப்பட்ட இரண்டு இழைகளை யார் பிடித்து இவ்வளவு நெருக்கமாக அழுத்தினார்கள்? விடை, கூழிலிருந்து ஆவியாகி வெளியேறிய நீர்.

எனக்கு இந்தக் கட்டுரையை எழுதும் ஆசையைத் தந்ததே இந்த இடம்தான். நீர் ஆவியாக ஆவியாக, எஞ்சிய நீர் இழைகளுக்கு இடையிலுள்ள குறுகிய இடுக்குகளில் ஒதுங்குகிறது. அங்கே அதன் விளிம்பு உட்குழிந்து வளைகிறது; பரப்பு இழுவிசையால் அந்த நீருக்குள் அழுத்தம் குறைந்து, இருபுறத்து இழைகளும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கப்படுகின்றன. இடுக்கின் அகலம் 1 மைக்ரோமீட்டராக இருக்கும்போது, இந்த இழுப்பைக் கணக்கிட்டால் வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்று அதிகமாக வருகிறது; அகலம் அதில் பத்தில் ஒன்றாகச் சுருங்கினால் இழுப்பு பத்து மடங்காகிறது. நெருங்க நெருங்க வலுக்கும் இந்த இழுப்புக்கு, ஏற்கெனவே ஊறி மென்மையாகிவிட்ட இழைகள் வளைந்து, தட்டையாகி, ஒன்றின்மேல் ஒன்று படிந்துகொடுக்கின்றன. கடைசி நீரும் விலகும்போது ஹைட்ராக்சில் தொகுதிகள் நேருக்கு நேர் நின்று கைகோத்துவிடுகின்றன. கூழிலுள்ள நீரை அகற்றி, பரப்பு இழுவிசை குறைந்த வேறொரு கரைப்பானை நிரப்பி உலர்த்தினால் கிடைப்பது பஞ்சுபோல் உதிரும் பொருள்தான். ஆகவே கூழை இறுக்குவதில் நீருக்குள்ள பங்கு ஐயத்துக்கு இடமற்றது.

உலரும் கூழ்த் தட்டு கோணிக்கொள்வதும் இதே இழுப்பால்தான். வெயிலில் வைத்தால் மேற்புறம் முதலில் உலர்ந்து சுருங்கும். அடிப்புறம் ஈரமாகவே இருக்கும். முதல் இரண்டு நாள்கள் நிழலில் வைத்து, அவ்வப்போது திருப்பிப்போட்டு, பிறகு வெயில் காட்டுவது நல்லது.

பசை தேவையில்லை என்றாலும் சிறிது சேர்ப்பது பயன் தரும். நம் வீடுகளில் முறம் மெழுகவும் காகிதக் கூடை செய்யவும் கூழோடு வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துச் சேர்ப்பார்கள். வெந்தயத்தின் வழவழப்புக்குக் காரணமான கேலக்டோமன்னன் என்னும் சர்க்கரைச் சங்கிலியின் முதுகெலும்பு, செல்லுலோஸைப் போன்றே நீண்டு தட்டையானது. இழைகளின்மேல் படிந்து, அவை தொடாத இடைவெளிகளுக்குப் பாலமாகிறது. காகித ஆலைகளில் இதே குடும்பத்தைச் சேர்ந்த கொத்தவரை விதைப் பசையைச் சேர்ப்பதுண்டு. பாட்டிமார்களின் அம்மியும் ஆலையும் ஒரே மூலக்கூறுக் குடும்பத்தைத் தேர்ந்திருப்பது எனக்குப் பெருமிதம் அளிக்கிறது. புதுச்சேரியின் திருக்கனூர் காகிதக்கூழ்க் கைவினைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அத்தகைய கைவினைஞர்களின் கலவைகளை நம் கல்லூரி ஆய்வகங்கள் முறையாக அளந்து பதிவுசெய்ய நிதி ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் பெரிய கருவிகளோ பெரிய தொகையோ தேவைப்படாது.

பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கும் வழக்கமும் உண்டு. அது நச்சு என்பதால், குழந்தைகள் இருக்கும் வீட்டில் தவிர்த்துவிட வேண்டும். செய்தித்தாள் கூழிலுள்ள லிக்னின் என்னும் மரப்பொருள் வெளிச்சத்தில் மஞ்சளாகும். வரைவதற்கு முன் இரண்டு முறை வெள்ளை பூசினால் போதும்.

ஓதம் ஏறும் சுவரில் மட்டும் தட்டை மாட்ட வேண்டாம். நீர் மீண்டும் இழைகளுக்கு இடையே நுழைந்தால், அவை கோத்த கைகளை விட்டுவிட்டு நீரோடு பிணைந்துகொள்ளும். வண்ணம் பூசாத தட்டாக இருந்தால், அதையே ஊறவைத்து மறுபடி கூழாக்கலாம். ஆனால் ஒருமுறை உலர்ந்த இழை முன்போல் ஊறி உப்புவதில்லை, அரைபடும்போது குட்டையாகவும் ஆகிறது. அதனால் இரண்டாவது தட்டுக்கு வெந்தயத்தைச் சற்றுக் கூடுதலாக ஊறவைக்க வேண்டியிருக்கும்.