40 ஜிபி அழித்தும் வேகம் வரவில்லையே, ஏன்?

"லேப்டாப்பில் சி டிரைவ் சிவப்புக் கோடு காட்டியது. பழைய வீடியோ, பாட்டு என்று 40 ஜிபி அழித்தேன். கோடு நீலமாகிவிட்டது. கணினி மட்டும் அதே ஆமை வேகத்தில்தான் ஓடுகிறது. என்ன காரணம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பீரோவில் துணியைக் குறைத்தால் மின்விசிறி வேகமாகச் சுற்றாது. இடமின்மை ஒரு கோளாறு, மந்தம் இன்னொரு கோளாறு. இரண்டும் ஓரிடத்தில் மட்டும் சந்திக்கின்றன. அந்த இடம் சுவாரசியமானது என்பதால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு அங்கே போவோம்.

முதலில், கணினி எதற்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள். அது திணறும் நேரத்திலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு, மெமரி, டிஸ்க் என மூன்று பத்திகள் இருக்கும். மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேம் போதவில்லை. 4 ஜிபி ரேமில் பிரவுசரில் பத்து டேப் திறந்தாலே இந்த நிலை வந்துவிடும். சிபியு ஒன்றும் செய்யாதபோதும் எகிறினால் பின்னணியில் ஏதோ ஓடுகிறது. எந்த நிரல் என்று அதே பட்டியல் சொல்லும். விசிறி இரைந்து, அடிப்பக்கம் சுட்டால், காற்றுத் துவாரத்தில் தூசி அடைத்திருக்கலாம். சூடு ஏறினால் சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

பழைய வீட்டுக் கணினிகளில் அதிகம் தென்படுவது மூன்றாவது பத்தி: டிஸ்க் 100 சதவீதம். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அந்த டிஸ்க்கைச் சொடுக்கிப் பாருங்கள். 'ஆக்டிவ் டைம்' 100 சதவீதம் என்றிருக்கும், படிக்கும் வேகமோ விநாடிக்கு 1 எம்பிகூட இருக்காது. மூச்சுமுட்ட உழைக்கிறது, வேலை நடக்கவில்லை. இது சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் கையெழுத்து.

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது விநாடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. வேண்டிய தகவல், டிஸ்க்கைப் படிக்கும் தலைக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, 5.5 மில்லி விநாடி. அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு இன்னொரு 12. ஆக ஒரு துண்டை எடுக்க 17, 18 மில்லி விநாடி. விநாடிக்கு ஐம்பத்தைந்து, அறுபது துண்டுகள்தான் கிடைக்கும். துண்டு ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் விநாடிக்குச் சுமார் 230 கேபி. அதே டிஸ்க், ஒரு பெரிய சினிமாக் கோப்பை வரிசையாகப் படிக்கும்போது விநாடிக்கு 100 எம்பியைத் தொடும். விண்டோஸ் துவங்கும்போது படிப்பது சினிமா அல்ல, ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள். நம் வாசகர் அழித்த 40 ஜிபி இந்த அலைச்சலைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

உண்மையில் 'அழித்தல்' என்பதே இங்கு ஒரு பாவனை. விண்டோஸ் கோப்புகளை அடுக்கி வைக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் டிஸ்க் 4096 பைட் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கட்டத்துக்கு ஒரு பிட் வீதம் ஒரு வரைபடம் உண்டு. 1 என்றால் ஆள் இருக்கிறது, 0 என்றால் காலி. 4 ஜிபி வீடியோவை அழித்தால் அந்த வரைபடத்தில் பத்து லட்சத்துச் சொச்சம் பிட்டுகள் 0 ஆகும். சேர்த்தால் வெறும் 128 கேபி. கோப்பின் பெயர்ப் பதிவில் 'இனி பயனில் இல்லை' என்ற குறியும் விழும். படம் டிஸ்க்கில் அப்படியே கிடக்கிறது. தவறுதலாக அழித்த கல்யாணப் புகைப்படங்களை மீட்டுத் தரும் மென்பொருள்கள் பிழைப்பு நடத்துவது இதை வைத்துத்தான்.

இடம் வேண்டுமென்றால் அதற்கு வழி சுலபம். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் போய் டெம்பரரி ஃபைல்ஸைத் திறங்கள். விண்டோஸ் அப்டேட் கிளீனப், டெலிவரி ஆப்டிமைசேஷன், ரீசைக்கிள் பின் ஆகியவற்றைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். பெரிய அப்டேட் முடிந்திருந்தால் பழைய விண்டோஸின் பிரதியும் அங்கே பல ஜிபிக்கு உட்கார்ந்திருக்கும். பத்து நாளில் அது தானாகப் போய்விடும். முன்பே நீக்கினால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டீர்களோ, ஆதார் நகல், மார்க் ஷீட், ரயில் டிக்கெட் எல்லாம் மொத்தமாகக் காலி. சி டிரைவில் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டர் பூதம்போல் தெரியும், கை வைக்காதீர்கள். ஒரே கோப்பு இரண்டு பெயர்களில் பதிவாகியிருப்பதால் எக்ஸ்புளோரர் அதன் அளவைக் கூட்டிச் சொல்கிறது. கையால் அழித்தால் அடுத்த அப்டேட் படுத்துவிடும்.

ரேமில் இருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணையும் ஹைபர்னேஷனுக்கான கோப்பு, ரேமின் அளவில் சுமார் 40 சதவீதத்தை டிஸ்க்கில் பிடித்துக்கொள்கிறது. 16 ஜிபி ரேம் என்றால் 6 ஜிபிக்கு மேல். அதை நிறுத்தினால் இடம் கிடைக்கும், ஆனால் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதியும் கூடவே போய்விடும். சுழலும் டிஸ்க் வைத்திருப்பவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே மேல். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கும்போது 'ஷட் டவுன்' கொடுத்தால் விண்டோஸின் உட்கரு முழுதாக அணைவதில்லை, தூங்கப் போகிறது. பத்து நாளாகத் தினமும் அணைத்து வைத்தும் கோளாறு போகவில்லை என்பவர்கள் ஒருமுறை 'ரீஸ்டார்ட்' கொடுத்துப் பாருங்கள். அதுதான் புதிதாக விழிக்கும்.

இனி எஸ்எஸ்டி, அதாவது தகவலைச் சில்லுகளில் வைக்கும் 'சாலிட் ஸ்டேட்' டிரைவ். சுழற்சி இல்லை, தலை இல்லை. ஒரு துண்டை எடுக்க 0.1 மில்லி விநாடி. ஆனால் இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. எழுதிய இடத்தின் மேலேயே இதனால் திருத்தி எழுத முடியாது.

எஸ்எஸ்டியின் ஒவ்வொரு செல்லிலும், சுற்றிலும் மின்காப்பு சூழ்ந்த ஒரு சின்னச் சிறை இருக்கிறது. அதற்குள் எத்தனை எலெக்ட்ரான் அடைபட்டிருக்கிறது என்பதே தகவல். சுவரின் தடிமன் பத்து நானோமீட்டருக்கும் குறைவு. கதவு கிடையாது. 20 வோல்ட் அளவுக்கு அழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் சுவரைத் தாண்டாமல், உடைக்காமல், ஊடுருவி உள்ளே போய்விடுகின்றன. மின்சாரத்தை நிறுத்தினாலும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். எதிர்த்திசையில் அழுத்தம் கொடுத்தால் வெளியே வரும். குவாண்டம் ஊடுருவல் என்று பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தில் கடந்துபோகும் விஷயம், உங்கள் மடியில் உட்கார்ந்து தினமும் நடந்துகொண்டிருக்கிறது.

எழுதும்போது ஒரு வரிசைச் செல்களுக்கு மட்டும் அழுத்தம் கொடுக்கலாம். ஒரு வரிசையில் எழுதப்படுவதைப் பக்கம் என்பார்கள், 4 முதல் 16 கேபி வரை. அழிப்பதற்கோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு தொகுதிக்கே ஒரே அடித்தளம். அழுத்தத்தை அந்த அடித்தளத்தில்தான் கொடுக்க வேண்டும், தொகுதி மொத்தமும் ஒரே அடியில் வெளுத்துவிடும். செல்லுக்குச் செல் தனித்தனி அடித்தளம் கட்டலாம். சில்லின் பரப்பும் விலையும் தாங்காது. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1984இல் இந்த நினைவகத்தை அறிவித்தபோது, கேமராவின் ஃப்ளாஷ் வெட்டுவதுபோல் மொத்தமும் ஒரே நொடியில் அழிவதைப் பார்த்து அவருடைய சகா வைத்த பெயர்தான் ஃப்ளாஷ்.

வாசலில் கோலம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியாக, ஒவ்வொரு இழையாகப் போடலாம். அழிக்க ஒரே வழி, வாளித் தண்ணீரை வீசி வாசலையே கழுவுவது. ஒரு வாசலில் 256 சின்னக் கோலங்கள் இருக்கின்றன, அதில் ஒன்றை மாற்ற வேண்டும். எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சில்லு என்ன செய்கிறது என்றால், புதுக் கோலத்தைப் பக்கத்து வாசலில் சுத்தமான இடத்தில் போட்டுவிட்டு, பழையதைச் 'செல்லாது' என்று குறித்துக்கொள்கிறது. செல்லாத கோலங்கள் சேரச் சேர, ஓய்வு கிடைக்கும்போது ஒரு வாசலைத் தேர்ந்தெடுத்து, இன்னும் வேண்டிய கோலங்களை மட்டும் வேறிடத்தில் பார்த்துப் போட்டுவிட்டு, வாளியைத் தூக்குகிறது.

தெருவில் காலி வாசல்கள் நிறைய இருக்கும்வரை இதில் சிக்கல் இல்லை. டிஸ்க் நிரம்பும்போதுதான் கூத்து. கழுவக் கிடைக்கும் வாசலில் 256இல் 200 கோலம் வேண்டியவை என்று வையுங்கள். 56 இடம் பெற 200 கோலத்தை வேறிடத்தில் மறுபடி போட வேண்டும். நீங்கள் எழுதச் சொன்னது 56 பக்கம், சில்லு எழுதியது 256, நாலரை மடங்கு. வேண்டியவை 25 மட்டும் என்றால் 231 இடத்துக்கு 256 எழுத்து, ஏறக்குறைய நட்டமே இல்லை. படிக்கச் சில பத்து மைக்ரோ விநாடி, எழுதச் சில நூறு, கழுவவோ சில ஆயிரம். நிரம்பிய எஸ்எஸ்டி இடையிடையே உறைந்து நிற்பது இதனால்தான். ஒவ்வொரு முறை ஊடுருவும்போதும் எலெக்ட்ரான்கள் சுவரைக் கொஞ்சம் கெடுக்கின்றன; செல்லுக்கு மூன்று பிட் வைக்கும் இன்றைய வகைகள் சில ஆயிரம் கழுவல்களுக்குமேல் தாங்குவதில்லை. ஆக வெட்டி எழுத்து ஆயுளையும் தின்கிறது.

இடமும் வேகமும் சந்திக்கும் இடம் இதுதான். எஸ்எஸ்டியில் 15 முதல் 20 சதவீதத்தைக் காலியாக விடுங்கள். 240 ஜிபி வட்டு என்றால் 40 ஜிபி அளவுக்கு.

ஒரு நுணுக்கம் பாக்கி. விண்டோஸ் கோப்பை அழிப்பது தன் வரைபடத்தில் மட்டும்தான் என்று பார்த்தோமே, அது கன்ட்ரோலருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. நீங்கள் எப்போதோ அழித்த சினிமாவையும் வேண்டிய கோலமாக எண்ணி வாசல் வாசலாகச் சுமந்துகொண்டிருக்கும். 'இந்தக் கட்டங்கள் இனி தேவையில்லை' என்று அதற்குச் சொல்லும் கட்டளைக்குப் பெயர் டிரிம். 2009இல் விண்டோஸ் 7 உடன் வந்தது. ஸ்டார்ட்டில் 'டிஃப்ராக்' என்று தேடித் திறந்தால், மீடியா டைப் பத்தியில் உங்களுடையது ஹார்ட் டிஸ்க்கா, சாலிட் ஸ்டேட்டா என்று தெரியும். அங்கே 'ஆப்டிமைஸ்' அழுத்தினால் சுழலும் டிஸ்க்கில் சிதறிய துண்டுகள் சேர்க்கப்படும். எஸ்எஸ்டியில் டிரிம் அனுப்பப்படும். எஸ்எஸ்டியை வெளியிலிருந்து இணைக்கும் மலிவான யுஎஸ்பி பெட்டிகள் பல டிரிம்மைக் கடத்துவதில்லை. இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: டிரிம் போன பிறகு கல்யாணப் புகைப்படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

அந்தச் சுவர் ஊடுருவலுக்குக் கணக்கு எழுதியவர்கள் ரால்ஃப் ஃபவுலரும் லோத்தார் நோர்ட்ஹைமும், 1928இல். உலோகத்திலிருந்து வலிய மின்புலம் எலெக்ட்ரானை எப்படிப் பிடுங்குகிறது என்பதுதான் அவர்கள் கவலை. கணினி என்ற பேச்சே இல்லை. இந்த ஃபவுலர்தான், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் அரசு உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜ் போன வானியற்பியலாளர் சந்திரசேகருக்கு வழிகாட்டி. வெண்குறு விண்மீனுக்கு எடை வரம்பு கண்ட மாணவரும், லேப்டாப்புக்குள் ஓடும் சமன்பாட்டை எழுதிய ஆசிரியரும் ஒரே குவாண்டம் இயற்பியலைத்தான் புரட்டினார்கள். 1928க்கும் 1984க்கும் இடையே 56 ஆண்டு. மூன்று ஆண்டில் பயன் காட்டு என்று படிவம் நீட்டும் நிதிக் குழு எதுவும் இந்த ஆய்வுக் கட்டுரைக்குக் காசு கொடுத்திருக்காது. சில்லுத் தொழிற்சாலைக்கு அள்ளிக் கொடுக்கும் கை, இயற்பியல் துறைகளின் ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகையை மாதக்கணக்கில் தாமதிப்பது எரிச்சலூட்டுகிறது.

மூடநம்பிக்கைகளிலும் இந்தத் துறைக்குக் குறைவில்லை. நம் ஊரில் கணினியைத் திறந்ததும் டெஸ்க்டாப்பில் வலது சொடுக்கி நாலு முறை 'ரிஃப்ரெஷ்' அடிக்காத ஆளில்லை. அது திரையில் உள்ள ஐகான்களைத் திரும்ப வரையும், அவ்வளவே. பலன் கிடைப்பதுபோல் தோன்றுவது, அடிக்கும் அந்தப் பத்து விநாடியில் டிஸ்க் தன் வேலையை முடித்துக்கொள்வதால். சாமி கும்பிட்டுவிட்டு வண்டியை எடுப்பதுபோல இதில் தீங்கில்லை. 'ரேம் பூஸ்டர்'களில் உண்டு. சும்மா இருக்கும் ரேமில் விண்டோஸ் அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை எடுத்து வைத்திருக்கும். பூஸ்டர் அதைக் காலி செய்து 'விடுவித்தேன்' என்று பெருமை பேசும். அடுத்த நிமிடம் அதே கோப்புக்காக மெதுவான டிஸ்க்குக்கே போக வேண்டும்.

சுழலும் டிஸ்க் உள்ள கணினிக்கு உருப்படியான மருந்து எஸ்எஸ்டிதான், பழைய லேப்டாப்புக்கு 2.5 அங்குல சாட்டா வகை. வாங்குமுன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசக் கருவியில் பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். சி5 என்ற வரியின் கடைசிப் பத்தியான 'ரா வேல்யூஸ்'இல் பூஜ்யமில்லாத எண் இருந்தால் டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கலாம். துப்புரவு, டிஃப்ராக் எதுவும் வேண்டாம். முக்கியக் கோப்புகளை உடனே வெளியே எடுங்கள். அந்த எண் பூஜ்யம் என்றால் யுஎஸ்பி-சாட்டா கேபிள் வழியாக அப்படியே குளோன் செய்யலாம், அதாவது டிஸ்க்கை அச்சு அசலாக நகலெடுக்கலாம். நம் வாசகரின் 40 ஜிபி உழைப்பு வீணாகாதது இங்கேதான்: 1 டிபி டிஸ்க்கிலிருந்து 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாற, பயன்பாட்டில் உள்ள அளவு அதற்குள் அடங்க வேண்டும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இருந்தால் முதலில் நிறுத்தி வையுங்கள், ரெகவரி எண்ணையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குளோன் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டே முதல் முறை துவக்குங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் எதிலிருந்து எழுந்திருக்கிறது என்று தெரியாமல், பழையதிலேயே ஓட்டிக்கொண்டு 'எஸ்எஸ்டி போட்டும் பலனில்லை' என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவீர்கள். கழற்றியதை ஒரு மாதம் ஃபார்மேட் அடிக்காமல் அலமாரியில் வையுங்கள்.