எமிஷன் இன்டென்சிட்டி: அலகு உமிழ்வு

சிமென்ட், அலுமினியம், காகிதம், காஸ்டிக் சோடா தயாரிக்கும் பெரிய ஆலைகளில் இப்போது அடிக்கடி அடிபடும் சொல் ‘எமிஷன் இன்டென்சிட்டி’. இந்த நான்கு துறைகளிலும் சேர்த்து 282 ஆலைகளுக்கு இலக்கு வைத்து, ஒன்றிய அரசு 2025 அக்டோபரில் விதிகளை அறிவித்தது. 2023-24 நிலவரத்தை அடிப்படையாக வைத்து, 2025-26இலும் 2026-27இலும் ஒவ்வோர் ஆலையும் இதை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஆலைவாரியாகவே எழுதியிருக்கிறார்கள். இலக்கைவிடக் கூடுதலாகக் குறைத்தால் கார்பன் சான்றிதழ் கிடைக்கும், அதை விற்கலாம். இலக்கைத் தொடாவிட்டால் சான்றிதழை வாங்கிக் கணக்கை நேர்செய்ய வேண்டும். அதையும் செய்யாவிட்டால், சான்றிதழின் சராசரி விலையைப் போல இரண்டு மடங்கு சுற்றுச்சூழல் இழப்பீடாகக் கட்ட வேண்டும்.

இந்தச் சொல்லின் பொருள் எளிது. ஒரு டன் பொருளைச் செய்ய எத்தனை டன் கரியமில வாயு வெளியேறுகிறது என்பதுதான் எமிஷன் இன்டென்சிட்டி. மற்ற வெப்பமேற்றும் வாயுக்களையும் கரியமில வாயுவுக்கு நிகராக மாற்றிக் கூட்டிக்கொள்வார்கள். மேலே வாயு, கீழே பொருள். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வரும் எண். ஆலை ஒட்டுமொத்தமாக எவ்வளவு வெளியேற்றியது என்பது இந்த எண்ணில் தெரியாது.

வேரைப் பார்ப்போம். ‘எமிஷன்’ லத்தீனில் ‘வெளியே அனுப்புதல்’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. தமிழில் ‘உமிழ்வு’ என்கிறோம். பொருத்தமான, பழைய சொல்; அதில் சிக்கல் இல்லை. ‘இன்டென்சிட்டி’யின் வேரும் லத்தீன்தான், இழுத்துப் பிடித்தல், விறைப்பாக்குதல் என்று பொருள். பிறகு அது ஒன்றின் உக்கிரத்தைக் குறித்தது. பொருளாதாரத்திலும் ஆற்றல் கணக்கிலும் இன்னும் நகர்ந்து, ‘ஓர் அலகுக்கு எவ்வளவு’ என்ற வெறும் விகிதத்துக்குப் பெயராகிவிட்டது. தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். செய்திகளில் சில நாள் ‘உமிழ்வு தீவிரம்’ என்று வருகிறது, சில நாள் ‘உமிழ்வுச் செறிவு’ என்று வருகிறது. முதல் சொல் அகராதியில் இருக்கும் உக்கிரப் பொருளைப் பிடித்துக்கொண்டது. ‘உமிழ்வு தீவிரம் குறைந்தது’ என்று படிப்பவர், புகை குறைந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘செறிவு’ என்ற சொல்லுக்கோ ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது: கரைசலின் செறிவு, காற்றில் கரியமில வாயுவின் செறிவு. ஒரே கட்டுரையில் காற்றிலுள்ள செறிவு ஏறுகிறது, ஆலையின் செறிவு இறங்குகிறது என்று எழுதினால் வாசகர் என்னதான் செய்வார்?

சொல் குழம்பினால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ஓர் ஆலை ஆண்டுக்கு 10 லட்சம் டன் சிமென்ட் செய்கிறது, டன்னுக்கு 0.70 டன் வாயு, ஆக மொத்தம் 7 லட்சம் டன். இலக்கு 0.67. ஆலையை விரிவாக்கி 15 லட்சம் டன் செய்கிறார்கள், டன்னுக்கு 0.65 ஆகக் குறைத்தும் காட்டுகிறார்கள். நல்ல உழைப்பு. இலக்கைவிட டன்னுக்கு 0.02 டன் குறைவு; ஒரு டன் வாயுவுக்கு ஒரு சான்றிதழ் என்ற கணக்கில் 30,000 சான்றிதழ் கிடைக்கும். ஆனால் மொத்த உமிழ்வு இப்போது 9.75 லட்சம் டன். முன்பைவிட 2.75 லட்சம் டன் அதிகம். கூடுதல் மைலேஜ் தரும் வண்டியை வாங்கியவர் முன்பைவிட அதிக தூரம் ஓட்டி, பெட்ரோல் செலவையும் ஏற்றிக்கொள்வது போலத்தான் இதுவும்.

அப்படியானால் இந்த அளவுகோலே தவறா? நான் அப்படி நினைக்கவில்லை. இந்தியாவில் தலைக்கு ஆகும் சிமென்ட் உலகச் சராசரியைவிடக் குறைவு. வீடும் பாலமும் இன்னும் கட்ட வேண்டியிருக்கிறது. சந்தை மந்தமாகி உற்பத்தி விழுந்தால், எந்த முயற்சியும் இல்லாமலே மொத்த உமிழ்வு குறைந்துவிடும். டன்னுக்கான கணக்கு அந்த அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட்டு, ஆலைக்குள் நடந்த வேலையை மட்டும் காட்டுகிறது. சீனாவும் 2021இல் தொடங்கிய தன் தேசியக் கார்பன் சந்தையில் இந்த வழியைத்தான் எடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் நடத்தும் சந்தை வேறு மாதிரி: அங்கே மொத்த உமிழ்வுக்கே உச்சவரம்பு, அந்த வரம்பும் ஆண்டுக்காண்டு இறங்குகிறது. இந்தியா உலகுக்குக் கொடுத்திருக்கும் வாக்குறுதியும் விகித வாக்குறுதிதான். உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் ஓர் அலகுக்கான உமிழ்வை, 2005ஐ ஒப்பிட்டு 2030க்குள் 45 சதவீதம் குறைப்போம் என்று 2022இல் அறிவித்தது. ‘உமிழ்வை 45 சதவீதம் குறைப்போம்’ என்று சுருக்கி எழுதும் தலைப்பு தவறான தலைப்பு.

விகிதத்தை வைத்து ஆலைகளைக் கட்டுப்படுத்துவது இங்கே புதிதல்ல. 2001இன் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ், 2012 ஏப்ரலில் ‘பெர்ஃபார்ம், அச்சீவ் அண்ட் டிரேட்’ திட்டம் தொடங்கியது. முதல் சுற்றில் எட்டுத் துறைகள், 478 ஆலைகள். அப்போது அளந்தது வாயுவை அல்ல, ஆற்றலை: ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு எரிபொருளும் மின்சாரமும் ஆகிறது என்று. மூன்று ஆண்டில் 66.86 லட்சம் டன் எண்ணெய்க்கு நிகரான ஆற்றலைச் சேமிப்பது இலக்கு. சேமித்தது சுமார் 86.7 லட்சம் டன். ஆலைகள் நன்றாகவே செய்தன. ஆனால் இலக்கு எளிதாக இருந்துவிட்டது என்பதையும் அதே எண் சொல்கிறது. இலக்கைத் தாண்டிச் சேமித்த ஆலைகளுக்கு 38 லட்சத்துக்கு மேல் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன, வாங்கியாக வேண்டிய ஆலைகளின் தேவையோ சுமார் 14 லட்சம். விற்பவர் கூட்டம் பெருகியதால் விலை சரிந்தது. சான்றிதழ் மலிவாகக் கிடைத்தால் எந்திரத்தை மாற்றுவதைவிடச் சான்றிதழ் வாங்குவதே லாபம் என்று நிதிப் பிரிவு சொல்லும். விதி ஆலையை எவ்வளவு தூரம் மாற்றும் என்பது அந்த இலக்கு எவ்வளவு இறுக்கமானது என்பதைப் பொறுத்தது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆற்றலைக் கணக்குப் பார்ப்பதிலிருந்து வாயுவைக் கணக்குப் பார்ப்பதற்கு மாறியது சிமென்ட்டுக்குப் பெரிய மாற்றம். அரியலூரானாலும் ஆந்திரமானாலும் சூளைக்குள் நடப்பது ஒன்றுதான். சுண்ணாம்புக்கல்லை மற்ற கனிமங்களோடு சேர்த்து 1,450 டிகிரி வரை சுடுகிறார்கள். 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல் 56 கிலோ சுண்ணாம்பாக மாறும்போது மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். இது நிலக்கரிப் புகை அல்ல, கல்லுக்குள்ளிருந்தே வருவது. எரிபொருளை எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் இது குறையாது. சிமென்ட்டின் உமிழ்வில் பாதிக்கு மேல் இதுதான். ஆகவே புதிய விதி ஆலையைத் தள்ளும் திசை வேறு: சூளையிலிருந்து வரும், அரைத்தால் சிமென்ட்டாகும் கட்டியான கிளிங்கரைக் குறைத்து, அனல் மின் நிலையச் சாம்பலையும் இரும்பாலைக் கசடையும் கூட்டுவது. சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட்டில் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்கத் தரவிதி இடம் தருகிறது. வீடு கட்டுபவர், சாம்பல் கலக்காத சாதாரண சிமென்ட்டான ‘ஓபிசிதான் உறுதி’ என்று அடம் பிடித்தால் ஆலையின் எண்ணும் ஏறும். சந்தையின் பழக்கமும் அந்த விகிதத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? வணிகவியல் படித்தவர்களுக்கு ‘அலகுச் செலவு’ பழக்கமான சொல்: ஒரு பொருளைச் செய்ய ஆகும் செலவு. அதே வார்ப்பில் ‘அலகு உமிழ்வு’ என்றால் கேட்டதுமே அது விகிதம் என்று புரியும். இயற்பியல் பாடநூல்கள் இத்தகைய இடங்களில் ‘தன்’ என்ற முன்னொட்டை வைத்தன. ‘தன்வெப்பம்’ அப்படி வந்தது. ஆனால் ‘தன்னுமிழ்வு’ என்றால் தானே உமிழ்வது என்று படிக்க நேரும், அதனால் அது வேண்டாம். மேடையிலும் செய்தியிலும் ‘டன்னுக்கான உமிழ்வு’ என்றே சொல்லிவிடலாம், கலைச்சொல்லே தேவையில்லை.

எந்தச் சொல்லை எடுத்தாலும் அலகு எது என்பதை விட்டுவிடக் கூடாது. பங்குச்சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள், சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் விதிப்படி 2022-23 முதல் ஆண்டறிக்கையில் நிலைத்தன்மைக் கணக்கு கொடுக்கின்றன. அதில் ஓர் எண், விற்றுமுதலில் ஒரு ரூபாய்க்கான உமிழ்வு. சிமென்ட் மூட்டை விலை ஏறினால், சூளையில் எதுவும் மாறாமலே அந்த எண் இறங்கும். மொத்த உமிழ்வையும் அதே அறிக்கையில் கேட்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் ஆலை மாறியதா, விலை மாறியதா என்று தெரியும். ஆகவே ‘அலகு உமிழ்வு 5 சதவீதம் குறைந்தது’ என்று நிறுத்தாமல், டன்னுக்கா ரூபாய்க்கா என்பதையும், அதே ஆண்டில் மொத்த உமிழ்வு எத்தனை டன் என்பதையும் அடுத்த வரியிலேயே எழுத வேண்டும்.